இடைவேளையில் எழுந்த பரிமளா

ஞாயிறு, இரவு.

என் பழைய மாணவர்கள் ஆம்பூரில் படம் பார்க்க அழைத்துப் போனார்கள். அவர்கள் பத்தாவது படித்தபோது ஓடிய படம், மறுபடி வந்திருக்கிறது. கதாநாயகன் அந்தப் பெண்ணின் சைக்கிளை மறித்ததும் அப்படியொரு விசில். எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பரிமளா இடைவேளையில் எழுந்தாள்.

"இன்னா பரிமளா, இனிமேதான் அவ ஓகே சொல்லுவா!" என்றான் ரவி.

"நீ என் சைக்கிள மறிச்சப்ப, எங்கப்பா என் படிப்ப நிறுத்திட்டாரு ரவி."

"இன்னும் அத ஞாபகம் வெச்சிருக்கியா!" என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோ வந்திருக்கிறது, 'நம்ம பொற்காலம்' என்று. என்னையும் இரண்டு வரி எழுதச் சொல்கிறார்கள்.

என் வகுப்பில் பரிமளாவுக்குக் கணக்கில் ஓர் உதாரணம் சொன்னால் போதும், அடுத்ததை அவளே போட்டுவிடுவாள்.