என்னிடம் இல்லாத பத்து நிமிஷம்

சென்னை,
12-2-1949

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

மாத்திரை கேட்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாமென்று இருந்தேன். நாற்பது நாளாக ஒரு தடவைகூட எனக்கு நினைவு தப்பவில்லை.

இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்த மறுவாரமே தலையில் கம்பிகளை ஒட்டி ஓர் இயந்திரத்தோடு இணைத்தார்கள். மூளைக்கென்று ஒரு தாளம் உண்டாம். அதைப் பேனாக்கள் காகிதத்தில் அலையலையாக வரைந்தன. திடீரென்று கோடுகள் தாறுமாறாக எகிறின. அப்போது நான் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேனாம். எனக்கு ஒன்றும் தெரியாது.

"இது வலிப்புல ஒரு வகைங்க. தாளம் தப்புற நேரத்துல மூளை எதையும் பதிஞ்சு வைக்காது. காலு பாட்டுக்கு நடக்கும்," என்றார் டாக்டர்.

கொள்ளிடத்தில் நடந்ததைச் சொன்னேன். ஜெகதாம்பாளை மணலில் விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்ததையும், "பாப்பா எங்கங்க?" என்று நீ கேட்டதும், வழியில் போன பத்து நிமிஷம் நினைவிலேயே இல்லாமல் விழித்ததையும் சொன்னேன். பரிசல்காரர் மட்டும் அவளைத் தூக்கி வந்திராவிட்டால்... அதற்கு மேல் எழுத வரவில்லை.

"அது உங்க நோவு செஞ்சதுங்க," என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். பெற்ற பிள்ளையை வேண்டாமென்று விட்டுவந்தவனோ என்று இத்தனை நாள் என்னையே சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அவளோடு நீ தா.பழூருக்கு, உன் பிறந்த வீட்டுக்குப் போனதில் தப்பே இல்லை. வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். அவளை என்னோடு தனியாக அனுப்ப வேண்டாம். நீ பக்கத்தில் நிற்கும்போதே ஒரு தடவை தூக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா