அந்த நாற்காலியை விடுவதாக இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், என் இடது முழங்காலைத் தவிர. அது கொஞ்ச நாளாகத் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரையொருவர் அதிகம் கடித்துக் குதறாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாடிவீட்டு டீச்சர் மறுபடியும் முடிக்குச் சாயம் மாற்றியிருக்கிறாள், இந்த முறை அவள் வளர்க்கும் நாயே அவளைப் பார்த்துக் குரைத்தது. சரி, வம்பு போதும் என்று நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் சொன்னாயே, "அம்மா, நீ எல்லாரோடயும் சிரிச்சுப் பேசிட்டு இருக்கறவ, உனக்கு ஆளுங்களை வேலை வாங்கத் தெரியாது, தலைமை நூலகர் போஸ்ட் எல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு இங்க வந்துடு, உனக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன்" என்று. நான் ஒன்றும் பேசாமல் போனை வைத்தேன். நான் பேசாமல் போனை வைத்தால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நடந்ததை முதலிலிருந்து கேள். பழைய தலைமை நூலகர் ஓய்வு பெற்றுப் போனதும் கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல ஆளாக் கிடைக்கற வரைக்கும் நீங்க பாத்துக்கங்கம்மா" என்றார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக், பக்கத்தில் நிற்பவரிடமும் பொதுக்கூட்டத்தில் பேசுவது போலத்தான் பேசுவார். நல்ல ஆள் கிடைக்கிற வரைக்கும் என்றால் நான் என்ன, ஓட்டை ஆளா? அந்த ரோஷத்தில் பழையவர் மாதிரியே இருந்து காட்டுவது என்று முடிவு செய்தேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, யாரிடமும் வாய் திறக்காமல் ஒரு சுற்று வந்தால் போதும், எல்லோரும் வெலவெலத்துப் போவார்கள். நானும் கண்ணாடியை இறக்கி, வாயை இறுக்கி ஒரு காலைப்பொழுது முழுக்க நடந்தேன். மதியத்துக்குள் பைண்டர் அண்ணன், கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவர், பல்வலி மாத்திரை வாங்கிவந்து நீட்டினார். கண்ணாடி காபிக்குள் விழுந்தது தனிக்கதை. உன் அப்பாவிடம் புலம்பினால், "வீட்டுல என்கிட்ட பண்ற அதிகாரத்துல கால்வாசியை அங்க பண்ணு, கட்டடமே கைகட்டி நிக்கும்" என்கிறார்.

அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி வகுப்பு பார்த்தேன். கோட் போட்ட ஒருவன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, தலைமை தாங்குகிறவர் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னான். நான் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து, நூலகத்தை மூடிவைத்துச் செய்கிற இருப்புச் சரிபார்ப்பு வந்தது. ஒவ்வொரு ரேக்காகப் போய், ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துக் கருவியில் காட்டினால் அது பீப் என்று கத்தும், கத்த வைக்காத புத்தகத்தைக் காணோம் என்று கம்ப்யூட்டர் கணக்கில் வைக்கும், அவ்வளவுதான் வேலை. ஆட்களைப் பிரித்து விட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? எல்லோருக்கும் முன்னால் பின்னால் என்று ரேக் ரேக்காகப் பறந்தேன். முடிவில் கம்ப்யூட்டர் ஒரு தள்ளுவண்டி கொள்ளாத அளவு புத்தகங்களைக் காணோம் என்றது.

மைக் மறுநாளே வந்து நின்றார். கவுண்டரில் இருக்கிற பெண்ணைப் பற்றி முன்பே உனக்குச் சொல்லியிருக்கிறேன், தற்காலிக வேலை, கணவன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கண்ணீர் வரச் சிரிக்க வைப்பாள். அவள் கவனக்குறைவால்தான் புத்தகங்கள் தொலைந்தன என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் மைக். "அவங்களை அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது, அடுத்த மாசமே உங்களை நிரந்தரமா உக்கார வெச்சுடறேன்" என்றும் சொன்னார். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் அந்த நாற்காலி என் கண்ணில் ஆடியது. ஆனால் அந்தப் பெண் கதவுக்கு வெளியே நிற்பது தெரிந்தது, இவர் பேசினால் கதவுக்கு வெளியே என்ன, தெருமுனை வரை கேட்குமே. "என் பொறுப்புல நடந்தது சார், எழுதணும்னா என் பேரை எழுதுங்க" என்றேன். சொல்லிவிட்டு நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அதே வேகத்தில் ரேக்குகளுக்கு நடுவே போய், காணோம் என்ற புத்தகங்களில் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கோழி வளர்ப்பு. அது இருக்க வேண்டிய இடத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பைண்டர் அண்ணன் பாம்போ என்று துடைப்பத்தோடு ஓடிவந்தார். அடுத்ததைப் பார்த்தால் அதுவும் இருக்கிறது, அதற்கடுத்ததும். அப்போதுதான் உறைத்தது. இடம் மாறிக் கிடக்கும் புத்தகத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, உனக்கே தெரியும், பிறர் வீட்டு அலமாரியைக்கூட அடுக்கிவிட்டு வருகிறவள். ஆட்கள் இன்னும் வராத ரேக்கில் தப்பாக இருந்ததையெல்லாம் பிடுங்கி, சரியான ரேக்கில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறேன். அந்த ரேக்கையோ அவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்த பிள்ளைகளையெல்லாம் காணோம் என்று போலீசில் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. கவுண்டர்ப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசாம கம்ப்யூட்டர் மேல போட்டுடலாம் மேடம், அது வந்து சண்டையா போடப்போகுது" என்றாள். வேண்டாம் என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன், கெடுத்தது என் கைதான், இனி எப்படிச் செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள் என்று. ஒரே கூச்சல். கடைசியில் அவர்களே ஒரு முறை வகுத்தார்கள். இடம் மாறிய புத்தகத்தை இருந்த இடத்திலேயே பீப் செய்து, அங்கேயே படுக்க வைப்பது, எல்லாம் முடியும் வரை யாரும் நகர்த்தக் கூடாது. "யாரும்னா நீங்கதான் மேடம்" என்று பைண்டர் அண்ணன் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, கையை மடியில் வைக்கச் சொன்னார். என் கண்முன்னே சமையல் புத்தகம் சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறது, நான் எழுந்திருக்கவில்லை. பிரசவ வலிகூட இதற்குத் தேவலை. ஆட்களை வேலை வாங்குவது என்று சொன்னாயே, பாதி இதுதானடி, நம் கையை நாம் பிடித்துக்கொள்வது. மறு எண்ணிக்கையில் தள்ளுவண்டி போய் ஒரு கைப்பைக்குள் அடங்குகிற அளவுதான் தொலைந்திருந்தது.

என் கை பண்ணிய வேலையை ஒளிக்காமல் சொன்னேன், மைக் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "தப்பு பண்ணவங்களையே தலைமையில உக்கார வெச்சா கமிட்டிக்கு என்ன மரியாதை, வெளியில இருந்து ஆள் கூப்பிட்டு இன்டர்வியூ வைக்கப் போறோம்" என்கிறார். "தாராளமா வைங்க சார், நானும் வர்றேன்" என்றேன். மனுஷர் முதல்முறையாகத் தணிந்த குரலில், "நீங்களா?" என்று கேட்டார்.

இன்டர்வியூ நாளைக் காலை. கிடைக்குமா கிடைக்காதா தெரியாது. கிடைக்காவிட்டால் வருகிறவருக்குக் கீழே ஒழுங்காக வேலை பார்ப்பேன், அந்த இடம் மறுபடி காலியாகும்போது மறுபடி போய் நிற்பேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கரைந்து போய் சரி என்றுவிடுவேன். அதனால்தான் தபால். இது உன் கைக்கு வரும்போது நான் உள்ளே போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, வெளியே வந்திருப்பேன். இனி நீ எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், கூப்பிடு, கேட்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. எனக்கென்று வைத்திருக்கும் அறையில் மாப்பிள்ளையின் சைக்கிளை நிறுத்திக்கொள்ளுங்கள், லீவு கிடைத்தால் நான் விருந்தாளியாக வந்து ஹாலில் படுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத,
அம்மா