சிவப்பியின் போத்தல்

1955 செப்டெம்பர் 3

இந்நேரத்தில் எழுத உட்காருவதற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்புக் கொப்பியே. மகன் ஹஸன் இப்போதுதான் கண்ணை மூடினான். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறேன், குடித்ததெல்லாம் போய்விடுகிறது. மூன்று மாதத்தில் சட்டை தொளதொளத்துவிட்டது. கல்லூரியில் படித்த உடற்றொழிலியல் சும்மா இருக்க விடுகிறதா? சர்க்கரை வியாதியோ?

உம்மாவிடம் சொன்னேன். "புள்ளக்கிப் பால் குடுக்கிறவளுக்குத் தண்ணி தவிக்காம வேற என்ன தவிக்கும்? போய்ப் படு."

செப்டெம்பர் 4

எங்கள் பசு சிவப்பி ஒரு வேளைத் தவிடு தின்னவில்லை. வீடே எழும்பி நிற்கிறது. ஊரில் போடியார், வயல் முதலாளி என்று பேர் எடுத்த வாப்பா மாவடிப்பள்ளி வயலுக்குப் போகாமல் மாட்டு டாக்குத்தர் நல்லரெத்தினத்தைக் கூட்டிவந்தார். உம்மா மாட்டின் நெற்றியைத் தடவி அழுகிறார்: "வாயில்லாச் சீவன்! நோவு எங்க எண்டு எப்பிடிச் சொல்லும்?"

வாயுள்ள சீவன் பக்கத்தில்தான் நின்றேன்.

கன்று போட்டு ஒரு மாதம் என்று கேட்டுக்கொண்ட டாக்குத்தர், மாட்டின் சலத்தை, மூத்திரத்தைத்தான், ஒரு போத்தலில் பிடித்து அனுப்பச் சொன்னார். "படிச்ச புள்ள பிடிச்சித் தரட்டும்." உம்மாவின் தீர்ப்பு.

செப்டெம்பர் 6

இரண்டு நாள் காலையிலும் சட்டியோடு சிவப்பியின் பின்னால் நின்றேன். நான் விலகினால் பெய்கிறது. சட்டியை நீட்டினால் திரும்பிப் பார்க்கிறது. வாப்பா வாசலில் சைக்கிளோடு, "இன்னும் ஆகல்லியா புள்ள?"

போத்தலை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். என்னுடையதால்.

யா அல்லாஹ், என்ன வேலை செஞ்சிட்டன்! ஆனால் வேறு எங்கே கொடுப்பது? ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர் என்னைக் கட்டிய மச்சானுக்குச் சாச்சா, சித்தப்பா முறை. காலையில் கொடுத்தால் பகல் சோற்றுக்கு முன் சம்மாந்துறையில் என் மாமியாருக்குத் தெரிந்துவிடும். "நோயாளிய என்ட மகன்ட தலையில கட்டிட்டாங்க" என்பார். மச்சான் பதுளையில் பள்ளிக்கூடம் படிப்பிக்கிறார். அவர் காதுக்கும் அந்த வழியாகத்தான் போகும்.

வாப்பா போத்தலைச் சைக்கிளில் தொங்கவிட்டு, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு போனார். மகளுடையது என்றால் வாசற்படலையைத் தாண்டியிருப்பாரா? மாட்டினுடையது, மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

செப்டெம்பர் 7

டாக்குத்தர் சலத்தை நீல மருந்தோடு காய்ச்சினாராம். செங்கல் நிறமாக வந்ததாம்.

"போடியார், உங்கட மாட்டுக்குச் சர்க்கரை! மாட்டில லேசில காணக் கிடைக்காத வியாதி." டாக்குத்தருக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். வாப்பாவுக்கும் கொஞ்சம் பெருமைதான். பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

போய் இன்னொரு செம்பு தண்ணீர் குடித்தேன்.

கேள்விகள் எழுதிய தாள் ஒன்றும் வந்தது. "நீதான் எழுதத் தெரிஞ்சவள்" என்று வாப்பா என்னிடமே தந்தார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது? ஓயாமல். மெலிகிறதா? ஓம். எத்தனையாவது பேறு? முதலாவது. வயது? இருபத்துமூன்று என்று எழுதி, வெட்டி, நாலு என்று போட்டேன்.

இவ்வளவு அக்கறையாக என்னை யாரும் கேட்டதில்லை.

செப்டெம்பர் 8

டாக்குத்தர் உத்தரவு: உம்மா பருக்கிவந்த பனங்கட்டித் தண்ணீர் நிறுத்தம். மாட்டை யாரும் அலைக்கழிக்கவும் கூடாதாம். தொழுவத்தில் புது வைக்கோல். எனக்கு அம்மியில் அரைக்கக் கொச்சி மிளகாய்.

செப்டெம்பர் 10

சிவப்பி படுத்துவிட்டது. என்னால்தான். நான் பொய் சொன்னதற்கு, பனங்கட்டித் தண்ணீரும் இல்லாமல் அது பட்டினி.

டாக்குத்தர் வந்து கழுத்தில் இரத்தம் எடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்று, சலத்தில் கண்டால் நிச்சயம்தானா என்று கேட்டேன். "அத மட்டும் நம்ப ஏலாது, தங்கச்சி. பால் குடுக்கிற தாய்க்குப் பாலில உள்ள சர்க்கரையும் சலத்தில இறங்கும். அது வியாதியில்ல. ரெத்தம் பாத்தாத்தான் தெரியும்."

"எந்தத் தாய்க்கு?"

"மாடோ மனிசரோ, எந்தத் தாய்க்கும்."

கதவைப் பார்த்துச் சொன்னாரோ? இல்லை, கன்றைத்தான் பார்த்தார்.

செப்டெம்பர் 13

சிவப்பியின் இரத்தத்தில் சர்க்கரை கூடவில்லை. போதாதாம்! கன்று போட்ட மாடுகளுக்கு அப்படியும் வருமாம். குளுக்கோஸ் ஏற்றினார்; அஸர் தொழுகைக்கு முன் எழும்பித் தவிடு தின்றது. உம்மா இரண்டு ரக்அத் தொழுதார். நானும் தொழுதேன், வேறு காரணத்துக்கு.

டாக்குத்தர் தலையைச் சொறிகிறார்: "சலத்தில கொட்டுது, ரெத்தத்தில இல்ல. ரெத்தத்திலயே போதாத மாட்டுக்குப் பால் சர்க்கரையும் இப்பிடி இறங்காது. இருவது வருசத்தில இப்பிடி ஒண்டு காணல்ல. பேராதனையில உள்ள பெரிய டாக்குத்தர்மாருக்கு எழுதப் போறன்."

வாப்பா: "எழுதுங்க டாக்குத்தர். என்ட பேரையும் போடுங்க."

செப்டெம்பர் 14

இன்று காலை தபாலில் போட்டேன். பிரதி:

கனம் டாக்குத்தர் அவர்களுக்கு,

பேராதனைக்கு எழுத வேண்டாம். போத்தலில் இருந்தது சிவப்பியுடையது அல்ல, என்னுடையது. அந்த மாடு பட்ட பாட்டுக்கு நானே பொறுப்பு. தாளில் எழுதியவை வயதைத் தவிர எல்லாம் உண்மை, எனக்கு. இரத்தம் பார்க்க மட்டக்களப்பில் எந்தப் பெண் டாக்குத்தரிடம் போகலாம்? நீங்கள் மாட்டு வைத்தியர் என்பது தெரியும். ஆனாலும் எனக்கு என்ன செய்கிறது என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

கடித உறையில் வாப்பாவின் பெயர் வேண்டாம். என் பெயரையே, ஸம்ஸியா என்றே எழுதுங்கள். வீட்டில் கேட்டால் ஒன்றும் ஒளிக்காமல் நானே வாசித்துக் காட்டுவேன்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.