விற்பனைக்கு இல்லாத மெத்தை

மார்ச் 3, திங்கள்

மெத்தைச் சாம்ராஜ்யத்தின் ஏகச்சக்கரவர்த்தியாகிய நான், இன்று மதியம் என் அக்கா மகளிடம் ஆயிரத்து ஏழாவது முறையாகத் திட்டு வாங்கினேன். குற்றம் இதுதான்: எங்கள் ஸ்பிரிங் மெத்தையில் படுத்த ஒரு மனிதர் நான்காம் நாள் எழுந்து, "இது எந்த வருஷம்?" என்று கேட்டதாக வீடியோவில் சொல்லிவிட்டேன்.

"மாமா, புளுகுங்க, வேணாங்கல. ஆனா அது புளுகுன்னு பாக்கறவங்களுக்கும் தெரியணும். சாட்சிக்கு வேற ஒருத்தரை நிறுத்தி வெச்சிருக்கீங்க."

சாட்சி, கடையில் மெத்தை உறை தைக்கும் தையல்காரர். பாதியில் சிரித்துத் தொலைத்தார். இல்லாவிட்டால் உலகமே நம்பியிருக்கும்.

அந்த அக்கா மகள்தான் என் மந்திரி. ஒவ்வொரு வீடியோவிலும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். தெருமுனையில் இருக்கிற அலுவலகத்தில் வேலை. மதிய இடைவேளைக்கு டப்பாவோடு இங்கே வந்துவிடுவாள். கடைக்கு இணையத்தில் ஒரு பேஜ் ஆரம்பித்து, சுவரில் ஒரு அட்டவணையும் ஒட்டியிருக்கிறாள். திங்கள்: மெத்தையைப் பராமரிப்பது எப்படி. புதன்: வாடிக்கையாளர் கேள்வி. வெள்ளி: உண்மைக் கதை. அடியில் சிவப்பு மையில்: 'பத்து போஸ்ட்டில் ஒன்றில்தான் விலை. மந்திரி பார்க்காமல் எதுவும் வெளியே போகாது.'

"சாமான் விக்காதீங்க மாமா. பேசுங்க. பேச்சு பிடிச்சா தானா வருவாங்க."

அந்தப் பேஜைத் திறந்து எழுத இரண்டே சாவி. ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம்.

மார்ச் 5, புதன்

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். மந்திரியின் கல்யாணம் நின்றுவிட்டது. நாள் குறித்து, அழைப்பிதழ் அடித்து, பெட்டி பெட்டியாக வீட்டில் இருக்கிறது. அந்தப் பையன் போனில், "எனக்கு சரியா வரும்னு தோணல" என்றானாம். அவ்வளவுதான். மூன்று வருஷப் பழக்கத்துக்கு நாலே வார்த்தை. ஒரு தலையணை வாங்க வருகிறவர்கூட அதைவிட அதிகமாகப் பேசுவார்.

தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அக்கா, நான். அலுவலகத்தில் தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறாள். தயாரானதும் அவளே சொல்வாளாம். அதுவரை மூச்சு விடக் கூடாதாம்.

மார்ச் 11, செவ்வாய்

மந்திரிக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்று அக்கா சொன்னாள். நான் முப்பத்திரண்டு ஜோக் சொன்னேன். ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. என் சக்கரவர்த்தி நடையை நடந்து காட்டினேன். "காலு வலிக்குதா மாமா?" என்றாள்.

மார்ச் 12, புதன்

இன்று மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை. கடையின் கோடியில், பார்வைக்காக விரித்திருக்கும் பஞ்சு மெத்தைமேல் உட்கார்ந்தாள். "ரெண்டு நிமிஷம் மாமா" என்று சாய்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தூங்கிவிட்டாள்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் தைத்தார். இரண்டு வாடிக்கையாளர்களை வாசலிலேயே சைகை காட்டி அனுப்பினேன். ஒருவர் எனக்குப் பேச்சு வராது என்று நினைத்துப் பரிதாபப்பட்டுப் போனார். அலுவலகத்துக்குப் போன் செய்து, என் உடம்புக்கு முடியவில்லை, கூட இருக்கிறாள் என்று பொய் சொன்னேன். நாலேகால் மணி நேரம். எழுந்தபோது கன்னத்தில் மெத்தையின் தையல் பதிந்திருந்தது.

"இங்க மட்டும் எப்படி மாமா வருது?"

என் வாழ்நாளில் எனக்குப் பேச்சு வராமல் போனது இன்று ஒரு முறைதான்.

மார்ச் 14, வெள்ளி

மந்திரிக்கு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கூட்டம். மதியம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது. 'உண்மைக் கதை.' என்னிடம் இருக்கிற ஒரே உண்மைக் கதை எது?

காலி மெத்தையைக் காட்டிப் பேசினேன். "கல்யாணம் நின்னுபோன ஒரு பொண்ணு, என் அக்கா மகதான், நாப்பது நாளா தூங்கல. இதுல படுத்தா. மறுநாள்தான் எழுந்தா." பேர் சொல்லவில்லை. முகம் காட்டவில்லை. பேசும்போது என் குரல் நடுங்கியது; அதை நடிப்பென்று யாரும் சொல்ல முடியாது. விலைகூடச் சொல்லவில்லை. மந்திரி மெச்சிக்கொள்வாள்.

தையல்காரர் மட்டும், "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடலாமே" என்றார். "கூட்டத்துல இருக்காய்யா" என்றேன். போஸ்ட் பொத்தானை அமுக்கினேன்.

மார்ச் 15, சனி

எட்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கே வாசலில் வரிசை. 'அந்தப் பொண்ணு படுத்த மெத்தை' என்று கேட்டே வருகிறார்கள்.

அவளிடமிருந்து போன் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். மந்திரி சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அலுவலகக் குழுவில் யாரோ அந்த வீடியோவைப் போட்டு, 'இது நீதானா?' என்று கேட்டிருக்கிறார்கள். எழுபது பேர் இருக்கிற குழு. என் அக்கா மகள்தான் மந்திரி என்று நூறு வீடியோவில் தம்பட்டம் அடித்தவன் நான். பேர் எதற்கு? முகம் எதற்கு?

"எடுத்துடறேன்மா. இப்பவே எடுத்துடறேன்."

"நேத்தே நான் எடுத்துட்டேன் மாமா. அதுக்குள்ள எல்லாரும் இறக்கி வெச்சுக்கிட்டாங்க."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஆயிரத்து எட்டாவது திட்டு. அது வந்திருந்தால் பிழைத்திருப்பேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க கடையிலதான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. அதையும் எடுத்து கடையில வெச்சுட்டீங்களே."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஏன் செய்தாய், சக்கரவர்த்தி? நல்லது நினைத்தா? வெள்ளிக்கிழமைக் கட்டத்தை நிரப்பவா? அவள் என் கடையில் தூங்கினாள் என்கிற பெருமையை ஊருக்கெல்லாம் காட்டவா?

மூன்றாவதுதான். எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன்.

மார்ச் 29, சனி

வேறு ஊரில் வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அக்கா இன்றுதான் சொன்னாள்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் பேஜில் ஒரு போஸ்ட் வந்திருக்கிறது. நான் போடவில்லை. 'மெத்தையை மாதம் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். திருப்பாவிட்டால் ஒரு பக்கம் பள்ளமாகி, நீங்கள் படுத்த இடத்தில் மழைநீர் தேங்கி, மீன் வளர்க்கலாம். – சக்கரவர்த்தி.'

கல்யாண வேலையில் நேரம் இருக்காது என்று, பிப்ரவரியிலேயே ஏப்ரல், மே மாதங்களுக்கு எழுதி, தேதி குறித்து, தானாகப் போகும்படி வைத்திருக்கிறாள். எல்லாம் என் குரலில். என்னைவிட நன்றாகப் புளுகுகிறாள்.

ஏப்ரல் 9, புதன்

இன்றும் ஒன்று வந்தது. மூன்று முறை படித்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

மகளோடு போய்த் தங்கியிருக்கும் அக்காவுக்குப் போன். "அவ குளிச்சுக்கிட்டு இருக்காடா." போன வாரமும் குளித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரமும். மூன்று வாரமாக ஒரே குளியல். உலகத்திலேயே சுத்தமான பெண் என் அக்கா மகள்தான்.

அக்காவிடம் இந்த ஜோக்கைச் சொன்னேன். "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

மே 14, புதன்

வரிசை கட்டி வைத்ததில் கடைசி போஸ்ட் இன்று. 'நல்ல தூக்கத்துக்கு ஒரே வழி, உங்களைத் தூங்கவிடும் ஆட்கள் பக்கத்தில் இருப்பது. மெத்தை இரண்டாவதுதான். (இதை மந்திரி எழுதச் சொன்னாள். எனக்கு நஷ்டம். – சக்கரவர்த்தி)'

பிப்ரவரியில் எழுதியது. பிப்ரவரியில்.

மே 16, வெள்ளி

மதியம் என் சொந்தப் போனிலிருந்து, யாரோ வாடிக்கையாளர் மாதிரி, கடைப் பேஜுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'மந்திரி, தூங்கறியா?'

அடுத்த நொடி பதில் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன். 'வணக்கம். சக்கரவர்த்தி இப்போது ஒரு மெத்தையின்மேல் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறார். எழுந்ததும் பதில் சொல்வார்.' யார் எழுதினாலும் தானாகப் போகிற பதில். அவள் எழுதி வைத்ததுதான்.

ஐந்து மணிக்குப் பார்த்தேன். என் செய்திக்குக் கீழே, 'பார்க்கப்பட்டது' என்று இருந்தது. பேஜை நான் திறக்கவில்லை. தையல்காரருக்குச் சாவி கிடையாது.

மே 17, சனி

பதில் இல்லை.

மே 19, திங்கள்

'இந்தப் பேஜை நிர்வகிப்பவர் இப்போது நீங்கள் ஒருவர் மட்டுமே' என்று போனில் அறிவிப்பு.

சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மே 30, வெள்ளி

பேஜில் இன்றும் ஒன்றும் போடவில்லை. அட்டவணை சுவரில் அப்படியே இருக்கிறது. கோடியில் இருக்கும் பஞ்சு மெத்தைமேல் 'விற்பனைக்கு இல்லை' என்று அட்டை மாட்டி இரண்டு மாதமாகிறது. தையல்காரர் தினமும் அதைத் தட்டிப் போடுகிறார். நான் சொல்லவில்லை.

மதியம் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா நேரே கோடிக்குப் போய், கையை வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"இதுதான் நல்லா இருக்கு. ஏன் குடுக்க மாட்டேங்கறீங்க?"

தையல்காரர் மெஷினை நிறுத்தி என்னைப் பார்த்தார். பழைய நான் என்றால், மெத்தைக்கு ஒரு வம்சாவளி சொல்லியிருப்பேன். மூன்று ராஜாக்கள் இதற்காகச் சண்டை போட்டார்கள் என்றிருப்பேன்.

"ஆள் இருக்காங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா காலி மெத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தேன்.