மேனேஜர் விட்ட மூச்சும் அப்பா எழுதிய எண்ணும்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சுகம். நான்காவது ஆளான நம் நாய் மேனேஜரும் உயிரோடு, என் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறான். அவன் சுகமா என்பதை மட்டும் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஆய்வுக்கூடத்து மேஜையிலேயே கவிழ்ந்து தூங்காமல் அறைக்குப் போய்ப் படுக்கிறாய் என்று நம்புகிறேன். என் வலது மணிக்கட்டில் கட்டு, அதனால் பேனா வால் கையில். (வணக்கம் அக்கா, நான்தான் வால். இந்த வீட்டில் இரண்டு வால் உண்டு, ஒன்று ஆடும், ஒன்று ஆட்டிவைக்கும், நான் இரண்டாவது. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, வெளியே இருப்பது அப்பா சொல்வது. அப்பா சொல்வதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அப்போதிலிருந்து அம்மா என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறாள்.)

போன செவ்வாய்க்கிழமை உன்னிடம் போனில், மேனேஜருக்குக் கொஞ்சம் அசதி, டாக்டரம்மாவிடம் காட்டினோம், சரியாகிவிட்டது என்றேன். அது பாதிதான். மீதியைச் சொல்ல அதன் பிறகு மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். (என்னப்பா, வானிலை ஆபீசுக்கு மாத்தலாகிட்டீங்களா என்று நீ கேட்டாயாமே, அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.) ஆகவே எழுத்தில் சொல்கிறேன், எழுத்தில் செய்த தப்பை எழுத்தில் சொல்வதுதான் முறை.

அன்று காலை ஆறு மணிக்கு நான் டிப்போவுக்குக் கிளம்பும்போது மேனேஜர் வாசலுக்கு வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, என் ஷூவையும் பையையும் மோந்து பார்த்துப் பாஸ் போட்டால்தான் என்னை வெளியே விடுவான், பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. போய்ப் பார்த்தால் சமையலறைத் தரையில் கழுத்தை நீட்டி, முன்னங்கால் இரண்டையும் அகட்டி உட்கார்ந்திருக்கிறான், படுக்க முடியவில்லை, விலா துருத்தி மாதிரி அடிக்கிறது, நாக்கு சிவப்பாக இல்லை, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. லிஃப்ட் வழக்கம்போல் ரிப்பேர். நான்கு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினேன், கடைசிப் படியில் கால் வழுக்கியது, கையை ஊன்றி விழுந்தேன், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. (அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: விழும்போதுகூட நாயைக் கீழ விடல பாரு, கல்யாணம் ஆன புதுசுல இதே படியில என் தையல் மெஷினைப் போட்டு உடைச்ச மனுஷன். சொல்லிவிட்டு அழுதாள், மெஷினுக்கா மேனேஜருக்கா என்று கேட்க எனக்கே தைரியம் வரவில்லை.) டாக்டரம்மா பிராணவாயுக் குழாயை அவன் மூக்கருகே பிடித்து, நீர் இறக்கும் ஊசி போட்டார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். இரண்டு மணி நேரம் கழித்து நாக்கு மெல்ல மெல்லச் சிவந்தது. அந்த நிறத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா, நீ பிறந்த அன்று உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது இருந்த அதே நிறம்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா நான் அவன் மூச்சை எண்ணி எழுதும் நோட்டைத் திறந்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மேனேஜருக்கு இதய வால்வில் கசிவு என்று கண்டுபிடித்ததும், நீ வேலை செய்கிற அதே ஆய்வில் அவனையும் சேர்த்தோம் அல்லவா. ஸ்கேனும் பரிசோதனையும் எல்லாம் ஆய்வு நிதியிலிருந்து, தினம் மாலை ஒரு மாத்திரை, அது புது மருந்தா வெறும் மாவா என்று எனக்கும் தெரியாது டாக்டரம்மாவுக்கும் தெரியாது. என் பங்குக்கு ஒரே ஒரு வேலைதான். நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபின் மூன்று மணிக்கு அவன் அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுத வேண்டும். முப்பதைத் தாண்டி இரண்டு நாள் நின்றால் உடனே போன் செய்ய வேண்டும். நோட்டில் கடைசி பதினான்கு நாளும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பது என்று ஒழுங்காக வரிசையில் நிற்கிறது. டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, இந்த நம்பருக்கும் இந்த நுரையீரலுக்கும் ஒத்தே போகலையே சார், எங்கயோ இடிக்குதே என்றார். எனக்கு எங்கே இடிக்கிறது என்று தெரியும் பெரியவளே. நான் எண்ணியது முப்பத்திரண்டு. அடுத்த நாள் முப்பத்துமூன்று. கடைசியில் முப்பத்தெட்டு வரை போனது. நான்தான் முப்பதுக்கு மேல் எழுதவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். இருபத்தாறு வருஷமாக டிப்போவில் டைம் கீப்பர் வேலை. பஸ் நான்கு நிமிஷம் வரை தாமதமாக வந்தால் நான் ரிஜிஸ்டரில் சரியான நேரம் என்றுதான் போடுவேன். சிக்னலில் நின்றிருப்பான், ஒரு கர்ப்பிணி மெதுவாக ஏறியிருப்பாள், அதற்கு டிரைவர் என்ன செய்வான், அவனை ஏன் மேலே மாட்டிவிட வேண்டும். அதை நான் பொய் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, மரியாதை என்றுதான் நினைத்தேன். அதே மரியாதையை மேனேஜருக்கும் செய்தேன். கனவு கண்டிருப்பான், வெயில் ஜாஸ்தி, இரண்டு மூச்சுதானே என்று. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நீ. இந்த மாதம் நிதி கொடுப்பவர்கள் வந்து ஆய்வைப் பரிசீலிப்பார்கள், அதை வைத்துத்தான் அடுத்த மூன்று வருஷம் என்று சொன்னாய், முடிவு நல்லா வந்தா நிம்மதியா தூங்குவேன்பா என்றாய். நான் அதை உன் பரீட்சை என்று எடுத்துக்கொண்டேன், விடைத்தாளில் ஒரு மூலை என் கையில் இருப்பதாக நினைத்தேன். நம் வீட்டு நாயே உனக்கு மார்க்கைக் குறைத்துவிடக் கூடாது என்று பட்டது. உனக்கு நல்லது செய்வதாக நினைத்து உன் வேலையைக் கெடுத்தேன், அவன் மூச்சையும் கெடுத்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சார், காசு கொடுக்கறவங்க நல்ல சேதி கேக்கக் கொடுக்கல, பதில் தெரிஞ்சுக்கக் கொடுக்கறாங்க, இந்த மருந்து வேலை செய்யலன்னு தெரிஞ்சா அதுவும் பதில்தான், நீங்க எழுதினது மட்டும்தான் எதுக்கும் பதில் இல்ல என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இந்த முப்பதுங்கற கோட்டை நானா போட்டேன், எங்கயோ உங்கள மாதிரி ஒருத்தர், தன் நாய் பக்கத்துல உக்காந்து எண்ணி, ஏறினது பிடிக்காமயே ஏறிச்சுன்னு எழுதியிருக்கார், அப்படிப் பல பேர் எழுதினதுல வந்ததுதான் இந்த முப்பது, முப்பத்திரண்டுலயே நீங்க போன் பண்ணியிருந்தா மாத்திரையிலயே சமாளிச்சிருக்கலாம், இவன் இந்தச் செவ்வாய்க்கிழமையைப் பாத்திருக்கவே வேண்டாம் என்றார். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் நாயைப் பற்றி உண்மை எழுதியதால்தான் என் நாய்க்கு ஒரு எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கையை நான் ரப்பரால் அழித்தேன்.

மேனேஜர் இப்போது தூங்கிவிட்டான், மணியும் மூன்று. நான் போய் எண்ணிவிட்டு வருகிறேன்.

(அப்பா வாட்சோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா, அவர் வருவதற்குள் நான் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன், இதை அவர் சொன்னால் என்னைத் தெய்வமாக்கிவிடுவார், எனக்கு அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. நான் தினமும் மேனேஜர் தூங்குவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல எண்ணமெல்லாம் ஒன்றும் இல்லை, அவன் குறட்டைக்கு டிப்போ ஒலிபெருக்கி மாதிரி குரல் கொடுத்து, பயணிகள் கவனத்துக்கு, தடம் எண் பதினொன்று இன்னும் சற்று நேரத்தில் புரண்டு படுக்கும் என்று பேசி, கிளாசில் காட்டி எல்லாரையும் சிரிக்கவைக்கத்தான். அன்று பெஞ்சில் அப்பா தலை குனிந்து உட்கார்ந்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது, ஒவ்வொரு வீடியோவும் ஒரு நிமிஷத்துக்கு மேல், விலா ஏறி இறங்குவது பளிச்சென்று தெரியும். டாக்டரம்மா ஒரு தடவை, நான் ஒரு தடவை, அப்பா ஒரு தடவை, தனித்தனியாக எண்ணினோம், மூன்றும் ஒன்றாக வந்தது. பதினான்கில் பதினோரு நாள் கிடைத்தது. மீதி மூன்று நாள் என் போனை அம்மா பறிமுதல் செய்திருந்தாள், காரணம் கேட்காதே, அது கீழ்வீட்டு அழைப்பு மணி சம்பந்தப்பட்டது. அக்கா, அந்த வீடியோவில் அப்பாவும் இருக்கிறார். வாயால் எண்ணிக்கொண்டே வருவார், உதடு முப்பத்தாறு என்று முடியும். பேனாவை எடுத்து நோட்டுக்கு மேலே அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். அப்புறம் மேனேஜரின் காதைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுதுவார். நான் அதன் மேல் என் குரலைப் போட்டுச் சிரித்திருக்கிறேன், ஒரு நாள்கூட அவர் உதட்டைப் பார்க்கவில்லை. கிளினிக்கில் அப்பா என் தலையில் கை வைத்து, உன் சேட்டைக்கு முதல் தடவையா தேங்க்ஸ் சொல்றேன்டி என்றார். எத்தனை வருஷமாக எதிர்பார்த்த வார்த்தை, கிடைத்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்த மூன்று நாளுக்கு டாக்டரம்மா திருத்தப் படிவத்தை நீட்டியதும் அப்பா, முன்னால ஒரு நம்பர் இருக்கு, பின்னால ஒரு நம்பர் இருக்கு, நடுவுல இருக்கறதப் போட்டுடலாமே என்று இடது கையால் பேனாவை எடுத்துவிட்டார். எடுத்தவர் அப்படியே நிறுத்தி, வேண்டாம்மா, அது காலியாவே இருக்கட்டும் என்று பேனாவை மூடினார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாத மனுஷன் அக்கா. அந்த மூன்று காலிக் கட்டத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, கண்ணில் தூசி என்றேன், டாக்டரம்மா நம்பவில்லை. சரி, அவர் எழுந்துவிட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை.)

வந்துவிட்டேன். (முகம் நன்றாக இல்லை.) முப்பத்தொன்று. நேற்று இருபத்தாறு, முந்தாநாள் இருபத்தைந்து. முப்பதா முப்பத்தொன்றா என்று சந்தேகத்துக்கு இன்னொரு நிமிஷமும் எண்ணினேன், மறுபடியும் முப்பத்தொன்றுதான். இப்போது புது விதி, ஒரு தடவை தாண்டினாலே போன். வால் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள், பேசினேன். நீர் மாத்திரையை இன்னிக்கு அரை கூட்டிக் கொடுங்க, காலையில கொண்டு வாங்க, பயப்படாதீங்க, சரியான நேரத்துல கூப்பிட்டீங்க என்றார் டாக்டரம்மா. சரியான நேரம் என்று நான் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், என்னிடம் ஒருவர் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மா மாத்திரையை முட்டைக்குள் ஒளித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அவன் முட்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தட்டில் திருப்பி வைத்திருக்கிறான், மேனேஜர் இல்லையா, சரிபார்க்காமல் எதையும் உள்ளே விட மாட்டான்.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டதால் ஆய்வில் அவன் பங்கு முடிந்தது, இனி அவனுக்கு இன்னதென்று தெரிந்த மருந்துகள்தான். இத்தனை நாள் தின்றது மருந்தா மாவா என்பது எல்லா நாய்களும் முடித்தபிறகுதான் தெரியுமாம், தெரிந்தால் சொல், தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பரிசீலனைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று திருத்தத்தை டாக்டரம்மா அன்றைக்கே அனுப்பிவிட்டார், நடந்தது என்ன என்று நானும் ஒரு பக்கம் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேனேஜரின் ஆய்வு எண் உனக்குத் தெரியக் கூடாது என்பது விதி, அதனால் அதை இங்கே எழுதவில்லை. ஆனால் உன் மேஜைக்கு ஒரு தாள் வரும், பதினான்கு அடித்தல், பதினோரு புது எண், மூன்று காலிக் கட்டம். அது யார் வீட்டு நாய் என்று உனக்குப் புரிந்துவிடும். புரிந்தாலும் அப்பா என்று பார்க்காதே. அந்தப் பதினான்கு நாளையும் தள்ள வேண்டும் என்று உங்கள் பெரியவர்கள் சொன்னால் தள்ளிவிடு. முடிவு நல்லதாக வராவிட்டாலும் நீ தூங்கு கண்ணு. நீ நல்ல மார்க் வாங்க வேண்டும் என்று நான் இனி ஆசைப்படவில்லை, நீ எழுதுவதை நம்பி யாரோ ஒருவர் தன் நாய்க்கு மாத்திரை கொடுப்பார் என்பது மட்டும் எனக்குப் போதும்.

கண்ணாடியை மாற்று, தலைவலி என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தனியாகப் பேசு, நான் பக்கத்தில் இருந்தால் அவள் முழுசாகப் பேச மாட்டாள். என்மேல் கோபம் இருந்தால் அடக்கிவைக்காமல் திட்டி எழுது, உன் கையெழுத்தில் வந்தால் போதும். நீ நோயில்லாமல், பயமில்லாமல், நினைத்ததை நினைத்தபடி எழுதுகிறவளாக நூறு வருஷம் இரு. மழையா என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

கீழே கோணலாக இருப்பது என் இடது கை, வேறு யாரும் எனக்காகப் போடவில்லை.

உன் அப்பா

(சாட்சி: வால். ஐந்து மணிக்கு நான் தனியாகப் போய் எண்ணினேன் அக்கா, குரல் கொடுக்காமல், சிரிக்காமல். இருபத்தொன்பது. நிஜமாகவே இருபத்தொன்பது, வீடியோ இருக்கிறது.)