தாமதப் பதிவேட்டில் முப்பத்தொரு பேர்

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே மாமாவின் முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, வாயைத் திறந்தால் வீடே சிரிக்கிறது. போனில் சொன்னால் 'சரிக்கா, சரிக்கா' என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

விஷயம் உன் ஆராய்ச்சிக் கேள்வித்தாள்தான். பிள்ளைகள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், பள்ளிக்கூடம் அவர்களை வரவேற்கிறதா என்று அறிய, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மை என்று மதிப்பெண் போடச் சொல்லி இருபது வாக்கியங்கள் அனுப்பினாய். எங்கள் பள்ளியில் கொடுத்து வாங்கியது நான். அடிக்கடி தாமதமாக வருகிற முப்பத்தொரு பேருடைய தாள்கள் ஒரு கட்டு, நேரத்துக்கு வருகிற முப்பத்தொரு பேருடையது இன்னொரு கட்டு. 'நான் வந்தால் சந்தோஷப்பட இங்கே ஒருவராவது இருக்கிறார்' என்ற பதினான்காவது வாக்கியத்துக்குத் தாமதக்காரர்கள்தான் அதிக மதிப்பெண் போட்டிருக்கிறார்களாம். இது தலைகீழ், அக்கா கட்டை மாற்றிக் கட்டிவிட்டாள், நானே சரிசெய்துகொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடேய்! பதினேழு வருஷமாக இந்த ஆபீஸில் ஒரு பிள்ளையின் சான்றிதழைக்கூட மாற்றிக் கொடுக்காதவள் நான். உன் கட்டையா மாற்றுவேன்?

அப்படிக் கட்டை மாற்றிவைத்து நீ அனுப்பிய சுருக்கத்தைப் படித்து எங்கள் தலைமை ஆசிரியை உருகிப்போய்விட்டார். தாமதமாக வருகிறவர்களை ஆபீஸில் நிறுத்திப் பேர் எழுதுவதுதான் அவர்கள் மனசைச் சுருக்குகிறது என்று, வாசலில் ஒரு மெஷின் வைக்கப்போகிறார். அட்டையைக் காட்டினால் சீட்டு வரும், பிள்ளை நேரே வகுப்புக்குப் போகலாம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். உன் அறிக்கை அடுத்த வாரம் அச்சானதும் மெஷின் வந்துவிடும்.

எனக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. ஆனால் என் மூக்கு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், ஒன்றை மோந்துவிட்டால் சும்மா இருக்காது. நான் மாற்றவில்லை என்றால், பிள்ளைகள் ஏன் அப்படிப் போட்டார்கள்? பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகப் பார்த்தேன். காரணம் எழுதும் கட்டத்தில் ஒருவன் 'நாய் ஷூவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது' என்று நான்கு முறை எழுதியிருக்கிறான். அவன் வீட்டில் நாயே கிடையாது. விலாசங்களைப் பார்த்தபோதுதான் ஆச்சரியம். முப்பத்தொரு பேரில் ஒன்பது பேருடைய வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில்!

அந்த ஒன்பதில் ஒருத்தி, வெயிலிலும் மழைக்கோட்டு போட்டு வருகிறவள். நாங்கள் ரெயின்கோட்டு என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் ஜன்னலில் காத்திருந்தேன். மணியடிக்கப் பத்து நிமிஷத்துக்கு முன்பே வந்து, எதிரே ஜெராக்ஸ் கடை ஓரம் நின்றுகொண்டாள். மணி அடித்து முடிந்த பிறகு ஓடிவருகிறவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். என்ன நடிப்பு என்கிறாய்! ஏம்மா கடைகிட்ட நின்னே என்று கேட்டேன். மாட்டிக்கொண்ட முழி முழித்துவிட்டு, பெல் அடிக்கட்டும்னு நின்னேன் மிஸ் என்றாள். எதுக்கு என்றேன். சீக்கிரம் வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, லேட்டா வந்தா நீங்க 'என்னாச்சு, சாப்பிட்டியா'ன்னு கேப்பீங்கல்ல என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூச்சிரைக்க வருகிற பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் காரணமா கேட்பது என்று, பேனாவை எடுப்பதற்கு முன் வாய்வழக்கமாக அதைக் கேட்பேன். அவ்வளவுதான். அதைக் கேட்கவா ஒரு குழந்தை தினமும் பத்து நிமிஷம் தெருவில் நிற்கும்?

விடுவேனா? திங்கள்கிழமை மணியடிக்க அரைமணி இருக்கும்போதே போய்ப் பெரிய கேட்டில் நின்று, வருகிற பிள்ளைகளையெல்லாம் வந்துட்டியா, சாப்பிட்டியா என்று கேட்க ஆரம்பித்தேன். என்ன மேடம், எலக்ஷன்ல நிக்கிறீங்களா என்று வாட்ச்மேன் கிண்டலடித்தார். வெள்ளிக்கிழமை அவரும் சேர்ந்துகொண்டார். வழக்கமாகப் பதினைந்து பேராவது இருக்கும் தாமதப் பதிவேட்டில் அன்றைக்கு நான்கே பேர். ரெயின்கோட்டு மணிக்கு முன்பே வந்து, என்னிடம் சாப்பிட்டீங்களா மிஸ் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதிவேட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கட்டுகள் சரியாகத்தான் இருக்கின்றன தம்பி. நீ நினைத்தது வராததால் பிள்ளைகள் சொன்னதை மாற்றிவிடாதே. மெஷின் விஷயத்தில், 'உங்க தம்பி ஒரு வார்த்தை எழுதட்டும், நிறுத்திடறேன்' என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

இன்னொன்று. இதைத்தான் எழுதி எழுதிக் கிழித்தேன். அப்பா போன அன்று நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு விமானம் மாறி, கசங்கின சட்டையோடு வாசலில் நின்றவனிடம், இவ்வளவு பேர் முன்னால், ஏன்டா இவ்வளவு லேட் என்றுதான் நான் முதலில் கேட்டேன். ஊரார் பிள்ளைகளிடம் பதினேழு வருஷமாக எடுத்த எடுப்பில் கேட்காததை உன்னிடம் கேட்டேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷமாக நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. தப்பு என்னுடையது.

எழுதாத தாள் ஒன்று மீதியிருந்தது. அதையும் வைத்திருக்கிறேன். பதினான்காவது வாக்கியத்தில் 'இங்கே' என்பதை நம் வீடு என்று வைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி மதிப்பெண் போட்டு அனுப்பு. எவ்வளவு குறைவாக இருந்தாலும் கட்டு மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

லீவு கிடைக்கும்போது வா. எத்தனை நாள் தாமதமானாலும் வா, தம்பி. என்னாச்சு, சாப்பிட்டியா என்றுதான் கேட்பேன்.

உன் வரவை வாசலில் பார்த்திருக்கும்,
அக்கா