பஞ்சலிங்கம் என்று ஓர் ஆள் இல்லை

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
20.3.1976

என் அன்பு மகள் அற்புதராணிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பேரனும் மாதாவின் தயவால் சுகமாக இருக்க வேண்டும் என்று நாள்தோறும் செபமாலை சொல்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் அது பாவத்தோடு பாவமாகச் சேரும். இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்து வாசிக்காதே. வீட்டுக்குப் போய், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு இருந்து வாசி.

நேரே சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாக எழுதி வந்தேனே, கொழும்புத்துறையில் பஞ்சலிங்கம் என்று ஒருவர், தொழிலுக்குப் போகாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார், பெண்சாதி என்னிடம் வந்து அழுகிறாள், நீ டொக்டர்தானே, என்ன செய்யலாம் என்று எழுது என்று. அப்படி ஓர் ஆள் இல்லை. அது உன் அப்பா. எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் பெயரைப் போட்டால் எந்தக் கோயிற்பற்று, ஆருடைய ஆட்கள் என்று நீ துருவித் துருவிக் கேட்பாய் என்று பயந்து, சைவக்காரப் பெயராகப் பார்த்து வைத்தேன். அந்தப் பெண்சாதியும் நான்தான்.

கார்த்திகையில் தொடங்கியது. ஒருவரோடும் சண்டையில்லை, குடி இல்லை, ஒரு காரணமும் இல்லை. ஒருநாள் விடிய வள்ளத்தடிக்குப் போனவர் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, ஏலாமல் கிடக்கு என்று படுத்தார், அதோடு சரி. முதலில் நானும் பேசினேன், என் வாய் சும்மா கிடக்குமோ, காலும் கையும் நல்லாக் கிடக்கிற ஆம்பிளைக்கு என்ன படுக்கை என்று அயல் கேட்கக் கத்தினேன். பிறகுதான் பயம் பிடித்தது. உனக்கு எழுதப் பேனையை எடுத்தால், போன வருடம் என் ஒப்பரேஷனுக்கு நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்ததும், சோதனை எழுதாமல் போனதும் நினைவுக்கு வந்தன. இந்தச் சித்திரையிலும் எழுதாவிட்டால் ஆஸ்பத்திரியில் உனக்கென்று வைத்திருக்கிற ரெஜிஸ்ட்ரார் டொக்டர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீதானே சொன்னாய். கிழமையில் இரண்டு இரவு ஆஸ்பத்திரியில், மிச்ச நாளில் படிப்பு, உன் மகன் தன்னைப் பார்க்கிற வெள்ளைக்காரியை அம்மா என்று கூப்பிட்டுவிட்டான் என்று எழுதினாய். மருமகனும் வேலையா வீடா என்று கேட்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்றாய். அதற்குமேல் அப்பாவையும் உன் தலையில் தூக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. பஞ்சலிங்கத்துக்கு நீ நாலு பக்கம் எழுதினாய், என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும், எப்படிக் கதைக்க வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று அவ்வளவு பொறுமையாக. அதே கவரில் உன் அப்பாவுக்கு ஒரு வரி, சுகம் விசாரித்ததாகச் சொல்லவும் என்று. எனக்குச் சுறுக்கென்றது. கொப்பரை, பெற்ற தகப்பனை விட ஊரான் பெரிதா என்று அந்தக் கடிதத்தைப் பார்த்தே ஏசினேன். பிறகு யோசித்தேன், நாள் முழுக்க மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டுக்கு எழுத என்ன மிஞ்சும்? நோயாளி என்றால்தான் பேனை ஓடுகிறது என்றால் நோயாளியாகவே இருக்கட்டும் என்று அடுத்த கடிதத்திலும் பஞ்சலிங்கத்தைப் பற்றி எழுதினேன். வந்த பக்கங்களை அப்பாவுக்கு ஊர்ப்புதினம் போல வாசித்தேன். இது சோம்பல் இல்லை, உங்களில் பிழையும் இல்லை, இது காய்ச்சல் போல ஒரு வருத்தம், மாறும் என்று நீ எழுதிய இடம் வந்ததும் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டாம் முறை, உதைத் திரும்ப ஒருக்கா வாசி என்றார். மூன்றாம் முறை அவராகவே, பிள்ளை உவனுக்கு வேறை கடிதம் போடேல்லையோ என்று கேட்டார். அது தான்தான் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. நான் காட்டிக்கொள்ளவில்லை, அவரும் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் இருந்து பஞ்சலிங்கத்தைப் பற்றியே கதைத்தோம்.

போன கடிதத்தில், சாக நினைக்கிறாரா என்று நேரே கேட்க வேண்டும், கேட்பதால் அந்த நினைப்பு வராது, தனியே விடக்கூடாது, உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று எழுதினாய். கேட்டேன் மகள். கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். சாகோணும் எண்டில்லையடி, விடியாமல் இருந்தால் நல்லது எண்டு கிடக்கு என்றார். முப்பத்தைந்து வருடம் விடியுமுன் எழும்பிக் கடலுக்குப் போன மனுசன். டொக்டரிடம் போவோம் என்றால், அங்கை இருக்கிறவர் பிள்ளையோடை படிச்சவர், உடனை எழுதிப்போடுவார், அவள் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடுவாள், மகள் விசர்ப் பைத்தியம் பாக்கிற டாக்குத்தர், தேப்பன் விசரன் எண்டு சனம் சிரிக்கும் என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. மீன் வெட்டுகிற கத்தி அலுமாரிக்குள், சாவி என் இடுப்பில். கிணற்றடிக்குப் போனாலும் அவர் இருமுகிறாரா என்று காதைக் கொடுத்தபடி நிற்கிறேன். பூசைக்கும் போகவில்லை. தபசுகாலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருக்கலாமோ என்று, அவருக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுச் சிசிலியாவை இருத்திவிட்டு ஓடினேன். கோயில் சுவாமியாரிடம், பொய் சொன்னேன் சுவாமி என்றேன். ஆருக்கு என்றார். மகளுக்கு என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இதற்கு அபராதம் மகளுக்கு உண்மையை எழுதுவதுதான் என்றார். அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா! எழுதினால் உன் படிப்புப் போகும். எழுதாவிட்டால் இந்த மனுசனை நான் ஒருத்தியாகத் தாங்க வேண்டும். எந்தப் பக்கமும் எனக்கு வழியில்லை, உன்னிடம் சொல்லாமல் வேறு ஆரிடம் சொல்வேன்.

நேற்றுப் பின்னேரம் அப்பாவிடம், சுவாமியார் சொன்னபடி பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். போர்வையை ஒதுக்கிவிட்டு எழும்பி இருந்தார். பிறகு, சுவாமியார் சொன்னால் எழுதத்தானே வேணும், ஆனால் வரச்சொல்லி எழுதாதை, அவள் சோதினையை எழுதட்டும் என்றார். அப்படியென்றால் டொக்டரைக் கூப்பிடுவோம் என்று நானும் விடவில்லை. தன் பெயரையே சொல்லி, யாகோப்பைப் பாக்க ஒருத்தரும் வரத் தேவையில்லை, பஞ்சலிங்கத்தைப் பாக்க எண்டு ஆராவது வந்தால் நான் கதவடைக்கமாட்டன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, குசினிக்குள் போய் நின்று அழுதேன். ஆகையால் உன்னோடு படித்த அந்த டொக்டருக்கு இன்றைக்கே எழுது. அயலுக்கு ஆஸ்பத்திரி ஆள் என்று தெரியாமல், சும்மா வருவது போலப் பஞ்சலிங்கம் வீட்டைக் கேட்டுக்கொண்டு வரட்டும். நான் வாசல் படலையடியில் நிற்பேன்.

வா என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை, வராதே என்று எழுதவும் வரவில்லை. நீயே பார்த்து முடிவெடு. இந்தக் கடிதத்தை மருமகனிடமும் காட்டு, ஒளிக்காதே, ஒளித்து நான் பட்டது போதும். பட்டினி கிடந்து படிக்காதே, காலையில் ஒரு முட்டைக்கோப்பியாவது குடி. பேரனுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் கையில் வைத்துக் காப்பாற்றட்டும், அந்தோனியார் உனக்குச் சோதனையில் துணை நிற்பார்.

ஒன்றை மறந்துபோகாதே. எனக்கு எழுத நேரம் இல்லாவிட்டால் விடு, நான் குறை நினைக்கமாட்டேன். அப்பாவுக்கு என்று பெயர் போட்டும் எழுதாதே, வாசிக்க விடமாட்டார். பஞ்சலிங்கத்துக்கு எழுது மகள்.

என்றும் உன் நினைவோடு இருக்கும்
அம்மா,
யா. மக்டலீன்